தேதியில்லா முத்திரைகள்: திபெத் அஞ்சல் வரலாற்றில் சான்றுகளைச் சோதித்தல்



1930களில் லாசாவில் கடை வைத்திருந்த ஒரு வணிகர் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதினால், உறையின் மேல் இரண்டு அரசுகளின் அஞ்சல்தலைகள் வேண்டியிருந்தன. லாசாவிலிருந்து கியாண்ட்சே வரை திபெத் அரசின் அஞ்சல் ஓட்டக்காரர்கள் கடிதத்தைச் சுமப்பார்கள். அதற்குத் திபெத் அஞ்சல்தலை. கியாண்ட்சேயில் இருந்த இந்திய அஞ்சலகம் அதை வாங்கி, பாரி, யாதுங் வழியாக மலையிறக்கிக் கலிம்போங்குக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோகும். அதற்கு இந்திய அஞ்சல்தலை. திபெத் உலக அஞ்சல் ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. ஆகவே அதன் அஞ்சல்தலை எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

திபெத்தைச் சேகரிப்பவர்கள் பெரிதும் விரும்புவது இப்படி இரண்டு நாட்டுத் தலைகளும் சேர்ந்து நிற்கும் உறையைத்தான். பொய்ச் சரக்கு மிகுதியாகப் புகுந்ததும் அதே இடத்தில்தான்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திபெத் அஞ்சலகங்களின் முத்திரைகளில் ஊர்ப்பெயர் இருக்கும்; தேதி பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் விழுந்த இந்திய முத்திரையில்தான் நாள், மாதம், ஆண்டு உண்டு. திபெத் அஞ்சல்தலை எப்போது பயன்பட்டது என்பதை அதன் அண்டையில் உள்ள இந்திய முத்திரையை வைத்தே அறிகிறோம். அந்த இரண்டும் ஒரே பயணத்தில் சேர்ந்தவையா என்ற கேள்வி இங்கே எழுகிறது. கியாண்ட்சே முத்திரை பதிந்த உண்மையான இந்திய உறை ஒன்றை எடுத்து, காலியாக உள்ள மூலையில் திபெத் அஞ்சல்தலையை ஒட்டி, அதன் மேல் போலி லாசா முத்திரையைக் குத்திவிட்டால் அதன் விலை பல மடங்கு கூடிவிடும். உறை உண்மை, இந்திய முத்திரை உண்மை, அஞ்சல்தலையும் உண்மையாக இருக்கலாம். அவை சேர்ந்து நிற்பது மட்டும் பொய்.

இதைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கிக்கு முன்னால் வேண்டியது வரைபடம். கடிதம் எங்கே எழுதப்பட்டது? கியாண்ட்சேயில் இருந்த பிரிட்டிஷ் வணிக முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதம் என்றால், அவர் அருகிலிருந்த இந்திய அஞ்சலகத்தில் நேராகப் போட்டிருப்பார். அந்த உறையில் திபெத் அஞ்சல்தலைக்கு வேலை இல்லை. அது அங்கே இருந்தால், பின்னாளில் யாரோ ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அனுப்பியவரே நினைவுக்காக ஒட்டியிருக்க வேண்டும். பின்னதும் நடந்ததுதான். சேகரிப்பாளர்களுக்கென்றே கேட்டுச் செய்வித்த உறைகள் அக்காலத்திலேயே உண்டு. அவற்றைப் போலி என்று ஒதுக்குவது தவறு. அவற்றைக் கொண்டு அன்றைய அஞ்சல் கட்டணத்தைக் கணக்கிடுவது அதைவிடப் பெரிய தவறு.

இந்திய அஞ்சலகங்கள் அங்கே எப்படி வந்தன என்பதற்கு ஐயமில்லாத ஆவணங்கள் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து யங்ஹஸ்பண்ட் தலைமையில் சென்ற படை 1904 ஆகஸ்ட் 3 அன்று லாசாவை அடைந்தது. செப்டம்பர் 7 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. யாதுங், கியாண்ட்சே, கார்தோக் மூன்றும் வணிகச் சந்தைகளாகத் திறக்கப்பட்டன. செப்டம்பர் 23 அன்று படை லாசாவை விட்டுப் புறப்பட்டது. இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டாலே பல உறைகளை எடைபோட்டுவிடலாம். படையோடு சென்ற கள அஞ்சலகங்களின் முத்திரையில் எண்தான் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. ஆகவே ஒரு சிப்பாயின் கடிதம் லாசாவிலிருந்து எழுதப்பட்டதா, வழியில் எங்கோ ஒரு முகாமிலிருந்து எழுதப்பட்டதா என்பதை முத்திரை தனியாகச் சொல்லாது. கடிதத்தின் உள்ளடக்கம், அந்த நாளில் அந்தப் படைப்பிரிவு நின்ற இடம், அந்த எண்ணுள்ள அஞ்சலகம் நகர்ந்த தடம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏலப் பட்டியலில் “லாசாவிலிருந்து, 1904 அக்டோபர்” என்று ஓர் உறை வந்தால், அதை வாங்குமுன் படை புறப்பட்ட தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

முடிவும் அதே தெளிவோடு பதிவாகியிருக்கிறது. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பஞ்சசீலத்தின் பெயரால் நம் வாசகர்கள் அறிவார்கள். அதனோடு சேர்ந்த குறிப்புகளில்தான் திபெத்திலிருந்த இந்திய அஞ்சல், தந்தி, தொலைபேசிச் சேவைகளையும் 12 ஓய்வு விடுதிகளையும் ஒப்படைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. 1955 ஏப்ரல் 1 அன்று ஒப்படைப்பு நடந்தது. இந்தியா நயா பைசாவுக்கு மாறியதோ 1957 ஏப்ரல் 1 அன்று. ஆகவே நயா பைசா மதிப்புள்ள இந்திய அஞ்சல்தலையின் மேல் கியாண்ட்சே இந்திய அஞ்சலக முத்திரை விழ வழியே இல்லை. இத்தகைய சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு தேதிகள் போதும்.

இதற்கு நடுவே சீனப் பேரரசின் அஞ்சலும் திபெத்தில் சிறிது காலம் இருந்தது. சுருண்ட டிராகன் படமுள்ள சீன அஞ்சல்தலைகளின் மேல், 1911இல் சீனம், திபெத்தியம், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளில் பை, அணா, ரூபாய் மதிப்புகளை அச்சடித்து வெளியிட்டார்கள். மூன்று பையிலிருந்து இரண்டு ரூபாய் வரை 11 மதிப்புகள். மேலச்சு எளிய வேலை என்பதால் போலிகளும் எளிதில் பிறந்தன. ஆனால் இங்கே ஆய்வாளரைத் தடுக்கி விழச்செய்யும் கல் இன்னொன்று: சீன முத்திரைகளில் உள்ள நாள் பேரரசரின் ஆட்சியாண்டையும் சந்திர மாதத்தையும் பின்பற்றியது. சுவான்டோங் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் பத்தொன்பதாம் நாள் என்பதை அவசரமாகப் படிப்பவர் 1911 ஆகஸ்ட் 19 என்று எழுதிவிடுவார். உண்மையில் அது அக்டோபர் 10, வூச்சாங்கில் புரட்சி வெடித்த நாள். அந்த ஆண்டில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. மஞ்சு ஆட்சி சரிந்துகொண்டிருந்த, லாசாவில் சீனப் படை கலகம் செய்யத் தொடங்கிய அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம் என்பது மிகப் பெரிய வேறுபாடு. அஞ்சல் ஓடிக்கொண்டிருந்ததா நின்றுபோயிற்றா என்ற கேள்விக்கான பதிலே அதில் மாறிவிடும்.

நாட்காட்டிகள் இத்தோடு முடியவில்லை. 1856 உடன்படிக்கையின்படி நேபாளம் லாசாவில் தன் பிரதிநிதியை வைத்திருந்தது. நேவார் வணிகர்கள் அங்கே தலைமுறைகளாகக் கடை நடத்தினார்கள். நேபாள அஞ்சலகமும் இயங்கியது. அதன் வழியே போன கடிதங்களில் விக்கிரம ஆண்டு வரும். அதிலிருந்து 57ஐக் கழித்தால் போதும் என்று நினைப்பவர், தை, மாசி, பங்குனிக் காலத்துக் கடிதங்களில் ஓர் ஆண்டு தவறிப்போவார். அங்கே கழிக்க வேண்டியது 56.

திபெத்தியர் தங்கள் கடிதத்துக்குள் எழுதும் தேதி வேறொன்று. அவர்களுடைய ஆண்டுகள் அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஓடுபவை. இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தியாவிலிருந்து காலசக்கர மரபோடு திபெத்துக்குப் போன அந்தச் சுழற்சியும் பிரபவ ஆண்டில்தான் தொடங்குகிறது. திபெத்தின் முதல் சுழற்சி 1027இல், பதினைந்தாவது 1867இல், பதினாறாவது 1927இல். நம் பஞ்சாங்கத்திலும் 1867, 1927, 1987 ஆகியவை பிரபவ ஆண்டுகளே. திபெத் தன் முதல் அஞ்சல்தலையை வெளியிட்ட நீர்-எலி ஆண்டு அவர்கள் சுழற்சியில் 46ஆவது. நம் கணக்கில் அது 1912இல் பிறந்த பரிதாபி. ஆண்டைக் கண்டுபிடிக்க இவ்வளவு போதும். நாளைக் கண்டுபிடிக்கப் போதாது. திபெத் நாட்காட்டியில் மாதங்கள் இரட்டிக்கும். சில நாட்கள் இரண்டு முறை வரும், சில நாட்கள் விட்டுப்போகும். பொதுவான ஒரு வாய்பாட்டை வைத்து மாற்றி எழுதிய தேதியை அச்சில் கண்டால், எந்த அட்டவணையிலிருந்து மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

முதல் வெளியீட்டின் தேதியையே எடுத்துக்கொள்வோம். 1912 டிசம்பர் என்று கேட்லாக்குகள் சொல்லிவருகின்றன. அந்த மாதத்தில் லாசாவின் நிலை என்ன? சீனப் படையோடு நகருக்குள்ளேயே சண்டை நடந்து முடிந்திருந்தது. 1910இல் இந்தியாவுக்குத் தப்பிவந்த பதின்மூன்றாம் தலாய் லாமா 1912 கோடையில் கலிம்போங்கிலிருந்து திரும்பிப் போனாலும், லாசா நகருக்குள் நுழைந்தது 1913 ஜனவரியில்தான். அஞ்சல்தலை அவருக்கு முன்பே நகருக்குள் வந்துவிட்டது என்கிறது கேட்லாக். நடந்திருக்கலாம். ஆனால் கேட்லாக் வரி சான்று ஆகாது. அக்காலத்து அரசு அறிக்கையோ, வணிக முகவரின் நாட்குறிப்போ, இந்தியத் தேதி முத்திரையோடு வந்த மிகப் பழைய உறையோதான் சான்று. ஒரு கேட்லாக்கைப் பார்த்து இன்னொன்று எழுதி, அதைப் பார்த்துக் கட்டுரையாளர் எழுதி, அந்தக் கட்டுரையை அடுத்த கேட்லாக் ஆதாரமாகக் காட்டினால், நாலு இடத்தில் அச்சான அந்தத் தேதிக்குச் சாட்சி ஒருவர்தான். புத்தகங்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கக் கூடாது. அவற்றின் வேர் எங்கே போகிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையில் வேரோடு எழுதியவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கரான ஹேவர்பெக் 1950களில் திபெத் அஞ்சல்தலைகள் பற்றி நூல் எழுதினார். ஆர்னால்ட் வாட்டர்ஃபாலின் ‘திபெத்தின் அஞ்சல் வரலாறு’ 1965இல் வந்து, 1981இல் திருத்திய பதிப்பாகவும் வெளியானது. அது இன்றும் துறையின் அடிப்படை நூல். வொல்ஃப்காங் ஹெல்ரிகல் திபெத்தின் அஞ்சல் முத்திரைகளை வகைப்படுத்தினார். தாம் முன்பு எழுதியதைத் திருத்தி மறுபடி அச்சிட்ட வாட்டர்ஃபாலின் மனம் போற்றத்தக்கது. அப்படியிருக்க, 1965 பதிப்பின் வரியை எடுத்துக்காட்டிவிட்டு 1981 பதிப்பைத் திறந்தே பார்க்காமல் விடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

இனி அஞ்சல்தலையையே கையில் எடுப்போம். திபெத் அஞ்சல்தலை இயந்திரத்தில் பெருகியது அல்ல. 1912 தொடரில் ஒரு தாளுக்கு 12 தலைகள்; நடுவில் பனிச்சிங்கம். அந்தப் பன்னிரண்டு அச்சுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் செதுக்கினார்கள். ஆகவே ஒவ்வொரு இடத்துச் சிங்கத்துக்கும் வால் வளைவும் கால் நிலையும் சட்டத்தின் கோணலும் வேறு வேறு. இது ஆய்வாளருக்குக் கிடைத்த பெரும் கொடை. தாளில் எந்த இடத்துத் தலை இது என்று ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்ல முடியும். பன்னிரண்டில் எதனோடும் பொருந்தாத தலை வந்தால் அதன் பிறப்பு லாசா அச்சகத்தில் இல்லை. அதுபோலவே, முழுத்தாள் என்று காட்டப்படுவதில் பன்னிரண்டு சிங்கங்களும் ஒன்றுபோல இருந்தால் அந்தத் தாளை உடனே மூடி வைத்துவிடலாம்.

1912 தொடரின் ஒரு மதிப்பில், பன்னிரண்டில் ஓர் இடத்தில் மட்டும், ‘போஸ்டேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எஸ், டி ஆகிய இரண்டு எழுத்துகளும் இடம் மாறி நிற்கின்றன. ஆங்கிலம் அறியாத செதுக்குவோரின் உளி தவறிய இடம் அது. புதிதாக வருபவர்கள் எழுத்துப் பிழையைக் கண்டதும் போலி என்று தூக்கிப்போடுவார்கள். பிழை இருக்க வேண்டிய மதிப்பில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், அது உண்மைக்கு ஆதரவான அடையாளம். அதே பிழை வேறொரு மதிப்பிலோ தாளின் எல்லாத் தலைகளிலுமோ இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே வடிவம் என்பதால் ஒரே காலம் என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. 1912 வடிவத்தில் உள்ள ஒரு ‘சாங்’ மதிப்புப் பச்சைத் தலையைக் கேட்லாக்குகள் 1950இல் வைக்கின்றன. இடையில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள். அதே தொடரின் தலைகள் முதலில் மங்கலான மையிலும் பின்னர் பளபளக்கும் வண்ணத்திலும் அச்சாயின. 1933 தொடரில் சிக்கல் கூடுகிறது. பன்னிரண்டு அச்சுகளையும் பிரித்து இடம் மாற்றி அடுக்கிய பல அமைப்புகள் உண்டு. ஓர் அமைப்பில் மூன்றாம் இடத்தில் இருந்த அச்சு இன்னோர் அமைப்பில் வேறிடத்தில் இருக்கும். எந்த அமைப்பு எப்போது என்பதைத் தீர்மானிக்க, மறுபடியும் இந்தியத் தேதியோடு வந்த உறைகளிடம்தான் போக வேண்டும். அந்த உறைகளில் ஒன்று பொய்யானால், அதை நம்பிக் கட்டிய கால வரிசை முழுதும் ஆடிப்போகும். தனிப்பட்ட ஒருவரின் பணம் போவதைவிட இந்த இழப்பு பெரிது. பணம் இழந்தவர் ஒருவர். தவறான கால வரிசையைப் படிப்பவர்கள் எத்தனையோ பேர்.

தாளும் பேசும். ஸ்டெல்லேரா என்ற மலைச்செடியின் வேரிலிருந்து திபெத்தியர் தாள் செய்தார்கள். அந்த வேரில் நச்சுத்தன்மை உண்டு, பூச்சி அரிக்காது. நாரின் ஓட்டம் ஒளியில் பிடித்தால் தெரியும். புற ஊதா விளக்கின் அடியில் வைக்கும்போது பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தாள் ஆலைகளில் புகுந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் அதில் இருக்கிறது. 1912க்கு அது உரியதல்ல. ஆனால் ஒளிராவிட்டால்? அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. கையால் செய்த தாள் பின்னாளிலும் கிடைத்தது. பழைய ஏடுகளின் வெற்றுப் பக்கங்களும் கிடைத்தன. இந்தச் சோதனை குற்றத்தைக் காட்டிக்கொடுக்க வல்லது, விடுதலை அளிக்க வல்லதல்ல. விற்பனைக் குறிப்புகளில் “புற ஊதாச் சோதனையில் தேறியது” என்று எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

அஞ்சல்தலையே அல்லாத ஒன்று அஞ்சல்தலையாக உலவுவதும் உண்டு. 1924 எவரெஸ்ட் பயணத்தில் ஒளிப்படக்காரராகச் சென்ற ஜான் நோயல், பயணத்துக்கு ஆதரவு திரட்டுவதற்காக நீல நிறத்தில் ஒரு தனியார் ஒட்டுச்சீட்டை அச்சிட்டார். ரோங்புக் பனியாற்றின் அடிமுகாமிலிருந்து வருவதாகப் படங்களுள்ள அஞ்சலட்டைகள் பள்ளிக் குழந்தைகளுக்குப் போயின. மல்லோரியும் இர்வினும் திரும்பி வராத பயணம் அது. ஆகவே அந்த அட்டைகளின் மேல் மக்களுக்குத் தனிப் பற்று. ஆனால் அந்த நீலச் சீட்டை எந்த அரசும் வெளியிடவில்லை. அட்டையை ஊர் சேர்த்தது அதன் மேல் இருந்த இந்திய அஞ்சல்தலைதான். சீட்டைத் ‘திபெத் அஞ்சல்தலை’ என்று விற்பது முதல் பிழை. அதைப் பார்த்து அச்சடித்த போலிகள் ஏராளமாக உலவுவது இரண்டாவது. இந்திய அஞ்சல்தலையும் முத்திரையும் இல்லாத உதிரிச் சீட்டை வாங்குபவர், இந்த இரண்டு பிழைகளுக்கும் ஒருசேர விலை கொடுக்க நேரலாம்.

இந்த அளவுக்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். சிறு தாள்தானே, பொழுதுபோக்குத்தானே? திபெத்தின் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. திபெத் தனி நாடாக இருந்ததா என்ற விவாதத்தில் ஒரு தரப்பு இந்தச் சிங்கத் தலைகளைச் சான்றாகக் காட்டுகிறது. மறுதரப்பு 1911இன் டிராகன் மேலச்சுகளைக் காட்டுகிறது. அஞ்சல்தலை எதைச் சொல்ல வல்லது? தன் பெயரில் தலை அச்சிட்டு, ஓட்டக்காரர்களை அமர்த்தி, லாசாவிலும் ஷிகாட்சேயிலும் கியாண்ட்சேயிலும் அஞ்சலகம் நடத்திய அரசு ஒன்று 1912க்குப் பின் இயங்கியது என்பதை அது உறுதியாகச் சொல்லும். அந்தத் தலையை எல்லைக்கு வெளியே மற்ற நாடுகள் ஏற்கவில்லை என்பதையும் அதே உறை, பக்கத்தில் ஒட்டிய இந்தியத் தலையால் சொல்லும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் உறையை ஒரு பாதியை மட்டும் காட்டிப் பேசவைப்பது ஆய்வு ஆகாது. போலி உறையைக் காட்டி நியாயமான வாதம் ஒன்றைச் சொன்னாலோ, அந்த வாதத்துக்கே பழி வந்து சேரும்.

1959க்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் மூட்டைகளில் அஞ்சல்தலைத் தாள்களும் பழைய கடிதங்களும் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்தன. கலிம்போங், டார்ஜிலிங், காத்மாண்டு கடைகளில் அவை கைமாறின. அந்தச் சந்தையின் தேவையைக் கண்டு போலிகளும் அங்கே குவிந்தன. அகதிக் குடும்பத்திடமிருந்து நேராக வாங்கியது என்ற கதை அதனால் எல்லாச் சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது. கதையை அவமதிக்க வேண்டியதில்லை, பதிவு செய்யலாம். ஆனால் உறையின் முகவரியில் உள்ள வணிக நிறுவனம் அந்த ஆண்டில் அந்தத் தெருவில் இருந்ததா என்று பார்க்க வழி இருக்கிறது. கலிம்போங்கில் தார்ச்சின் 1925 முதல் 1963 வரை நடத்திய ‘மெலோங்’ என்ற திபெத்திய மொழிப் பத்திரிகை கம்பளி விலையையும் சந்தைச் செய்திகளையும் வெளியிட்டது. வணிக முகவர்களின் ஆண்டறிக்கைகளும் கடிதப் போக்குவரத்தும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளிலும், புது டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அஞ்சல்தலை சேகரிப்போர் இந்தக் கட்டுகளைத் திறப்பது குறைவு. அரசியல் வரலாற்றாளர்கள் திறந்தாலும் அஞ்சல் பற்றிய தாள்களைப் புரட்டிக் கடந்துபோகிறார்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது.

ஏல நிறுவனங்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் ஒன்றை வற்புறுத்திக் கேட்கலாம். பட்டியல்களில் பெரும்பாலும் உறையின் முகப்பு மட்டும் அச்சாகிறது. இந்திய அஞ்சலகங்கள் வந்துசேர்ந்த முத்திரையைப் பின்புறத்தில்தான் இட்டன. கியாண்ட்சேயில் புறப்பட்ட நாள் முகப்பில், கலிம்போங்கிலோ கல்கத்தாவிலோ சேர்ந்த நாள் பின்புறத்தில். இரண்டுக்கும் நடுவே கோவேறு கழுதைகளும் ஓட்டக்காரர்களும் ஜெலெப் லா கணவாயைக் கடக்க எடுக்கும் நாட்கள் இருக்க வேண்டும். நாட்கள் போதாவிட்டால் உறை அந்த வழியில் வரவில்லை. மிஞ்சிப்போனால் பனியோ வெள்ளமோ வேறு தடையோ இருந்ததா என்று ஆவணத்தில் தேடலாம். பின்புறத்தை அச்சிடாத உறைக்கு இந்தக் கணக்கைப் போடவே முடியாது. இருபுறமும் தெளிவான படம், முன்பு யாரிடம் இருந்தது என்ற வரிசை, எந்தப் பழுது எப்போது பார்க்கப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு உறையோடும் சேர்த்து வெளியிடும் வழக்கம் வந்தால், ஒரே உறை பத்து ஆண்டுகளுக்குப் பின் புதிதாக ஒரு திபெத் தலையோடு சந்தைக்குத் திரும்பி வரும்போது, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அதை அடையாளம் காண முடியும்.